பரோக் காலத்துச் சர்ச் ஓவியங்கள்: காசு குடுத்தது யாரு, வரைஞ்சது யாரு, வேண்டாம்னது யாரு? அடிக்கடி கேக்குற கேள்விகள்

முதல்ல, பரோக்னா என்ன?

1600-ஐ ஒட்டி ரோம்ல கிளம்பி, அடுத்த நூறு நூத்தம்பது வருஷம் கத்தோலிக்க ஐரோப்பா பூரா பரவி, அப்புறம் கப்பலேறி மெக்சிகோ, பெரு, கோவா வரைக்கும் போன ஒரு பாணி. அதுக்கு முன்னாடி மறுமலர்ச்சிக் காலப் படங்கள்ல பெரும்பாலும் எல்லாம் அளவெடுத்து வச்ச மாதிரி அமைதியா நிக்கும். இதுல அப்படி இல்ல, யாராவது விழுந்துட்டிருப்பாங்க, கத்திட்டிருப்பாங்க, வெளிச்சம் ஒரு பக்கத்துலேருந்து மட்டும் வெட்டி விழும், மத்ததெல்லாம் இருட்டு, பாக்குறவங்களைத் தள்ளி நிக்கவே விடாது. இங்க நான் முக்கியமா ரோம், அதுலயும் கரவாஜியோங்கற ஓவியர் பத்திதான் எழுதுறேன், நடுநடுவுல நேபிள்ஸ், ஆண்ட்வெர்ப், செவில் வரும்.

சர்ச் ஏன் படத்துக்கு இவ்ளோ செலவு பண்ணுச்சு?

ஏன்னா அந்த நேரத்துல படம் வச்சுக்கலாமா கூடாதாங்கறதே பெரிய சண்டை. மார்ட்டின் லூத்தர் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் பிரிஞ்சு போனதுக்கு அப்புறம் வந்த சீர்திருத்தக்காரங்கள்ல பல பேர், முக்கியமா கால்வின் பக்கம் இருந்தவங்க, சர்ச்சுக்குள்ள படம், சொரூபம் வைக்கறதே விக்கிரக வழிபாடுன்னு சொன்னாங்க. 1566-ல நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் கும்பல் கும்பலா சர்ச்சுக்குள்ள நுழைஞ்சு பீடத்துப் படங்களையும் சொரூபங்களையும் அடிச்சு நொறுக்கினாங்க, ஆண்ட்வெர்ப் பேராலயமும் தப்பல.

கத்தோலிக்கப் பக்கம் இதுக்கு பதில் சொல்லியாகணும். 1545-லேருந்து 1563 வரைக்கும் விட்டு விட்டு நடந்த ட்ரெண்ட் பொதுச்சங்கம், கடைசி அமர்வுல, 1563 டிசம்பர்ல, படங்கள் வேணும்னு முடிவா சொல்லிடுச்சு. படத்துக்குக் காட்டுற மரியாதை அதுல இருக்கறவங்களுக்குப் போய்ச் சேருது, எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு விசுவாசத்தைச் சொல்லிக் குடுக்க படம் உதவும், இதுதான் சாராம்சம். அதனால அதுக்கப்புறம் ஒரு கத்தோலிக்க ஊர்ல பெருசா ஒரு பீடப் படம் வைக்கறதே, நாங்க இதை விடமாட்டோம்னு சொல்ற மாதிரி ஆயிடுச்சு.

அப்போ எப்படி வரையணும்னு ரூல்ஸ் போட்டாங்களா?

இதுல நிறைய பேர் நினைக்கற அளவுக்கு இல்ல. சங்கத்தோட தீர்மானம் ரொம்பச் சின்னது. காமத்தைத் தூண்டுற மாதிரி வரையாதே, தப்பான போதனை வராம பாத்துக்கோ, வழக்கத்துல இல்லாத படம்னா பிஷப் அனுமதி வாங்கு, அவ்ளோதான். எந்த கலர், எந்த பாணி, எவ்ளோ இருட்டுன்னெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. அதனால நடைமுறைல ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு பிஷப்பும், ஒவ்வொரு சபையும், ஒவ்வொரு விசாரணை அதிகாரியும் அவங்கவங்க புரிஞ்சுக்கிட்ட படி நடந்துக்கிட்டாங்க.

மிக்கேலாஞ்சலோ வரைஞ்ச கடைசித் தீர்ப்புல இருந்த நிர்வாண உருவங்களுக்கு 1565-ல வோல்தெர்ரா ஊர்க்காரர் தானியேலேவை வச்சு துணி வரைய வச்சாங்க. வெனிஸ்ல 1573-ல வெரோனேசே கதை இன்னும் சுவாரஸ்யம். ஒரு மடத்துச் சாப்பாட்டு ஹாலுக்கு கிட்டத்தட்ட 13 மீட்டர் அகலத்துல ஏசுவோட கடைசி இராப்போஜனம் வரைஞ்சார். சர்ச்சோட மத விசாரணை மன்றம் அவரைக் கூப்பிட்டு, ஆண்டவரோட கடைசிச் சாப்பாட்டுல கிளி வச்சிருக்கற கோமாளி எதுக்கு, மூக்குல ரத்தம் வடியற வேலைக்காரன் எதுக்கு, ஆயுதம் தூக்கின ஜெர்மன் சிப்பாய்ங்க எதுக்குன்னு வரிசையா கேட்டாங்க. கவிஞருக்கும் கோமாளிக்கும் இருக்கற சுதந்திரம் எங்களுக்கும் உண்டுங்கற மாதிரி பதில் சொன்னார். மூணு மாசத்துல உன் சொந்தச் செலவுல திருத்துன்னு தீர்ப்பு. அவர் படத்தைப் பெருசா மாத்தாம பேரை மாத்திட்டார், ‘லேவி வீட்டு விருந்து’ன்னு. இன்னிக்கும் வெனிஸ் அக்காதெமியா மியூசியத்துல அந்தப் பேர்லதான் இருக்கு.

காசெல்லாம் போப்பாண்டவர் குடுத்ததா?

கொஞ்சம்தான். இந்த ஒரு விஷயம் புரிஞ்சுக்கிட்டா பாதிப் படங்கள் தானா புரிய ஆரம்பிச்சுடும்னு நான் உறுதியா நம்பறேன்: ‘திருச்சபை’ன்னு ஒரே ஆள் ஒரே பையிலேருந்து காசு எடுத்துக் குடுக்கல. ஒரு ரோமாபுரி சர்ச்சோட ரெண்டு பக்கமும் இருக்கற சின்னச் சின்னச் சேப்பல்களை, அதாவது தனிப் பீடம் இருக்கற அறைகளை, தனித்தனிக் குடும்பங்களும் பக்தசபைகளும் வாங்கி வச்சிருந்தாங்க. வாங்கினவங்களுக்கு அங்க கல்லறை வச்சுக்கற உரிமை, அவங்க ஆன்மாவுக்காகப் பூசை வைக்கற ஏற்பாடு, அதோட அதை அலங்காரம் பண்ற பொறுப்பும் வரும். நம்ம ஊர்ல ட்யூப்லைட்ல ‘உபயம்: இன்னார்’னு எழுதியிருக்கும்ல, அதையே ஒரு முழுச் சேப்பல் அளவுக்கு நினைச்சுக்கோங்க.

அதனால ஒரே கூரைக்கு அடியில கர்தினால் ஒருத்தர், வக்கீல் ஒருத்தர், போப்போட குதிரைப் பணியாளர் சங்கம், செத்துப்போன வியாபாரியோட உயில், இப்படி அஞ்சாறு விதமான பணம் இருக்கும். சர்ச்சை நடத்தறது வேற ஒரு துறவற சபை. காசு குடுக்கறவங்க ஒரு படம் கேப்பாங்க, அந்தப் படத்துக்கு முன்னாடி தினம் பூசை வைக்கப் போற சாமியாருங்க வேற ஒண்ணு எதிர்பார்ப்பாங்க. பிரச்சனை எல்லாம் இந்த இடைவெளியிலதான் கிளம்புச்சு.

கரவாஜியோவுக்கு முதல் பெரிய சர்ச் வேலை எப்படிக் கிடைச்சுது?

ரோம்ல பிரெஞ்சுக்காரங்களுக்குன்னு ஒரு சர்ச் இருக்கு, சான் லூயிஜி தேய் பிரான்சேசி. அதுல மத்யூ குவாந்த்ரெல்னு ஒரு பிரெஞ்சுக்காரர், இத்தாலியில் கொந்தரெல்லின்னு கூப்பிடுவாங்க, 1565-ல ஒரு சேப்பல் வாங்கினார். பின்னாடி கர்தினால் ஆனவர், போப்பாண்டவர் அலுவலகத்துல பதவி, சலுகை இதுக்கெல்லாம் கட்டணம் வாங்கற பிரிவுக்குத் தலைவரா இருந்தவர். அவரோட பேர் மத்தேயு, அந்தப் பேருக்குரிய அப்போஸ்தலரும் வரி வசூல் பண்ணவர். அதனால மத்தேயுவோட வாழ்க்கையைத்தான் வரையணும்னு தெளிவா எழுதி வச்சுட்டு 1585-ல செத்துப்போனார்.

அப்புறம் பதினாலு வருஷம் இழுத்துது. உயிலை நிறைவேத்த வேண்டிய கிரெசென்சி குடும்பத்து கைல பணம் இருந்துது, வேலை நடக்கல. அப்ப ரோம்ல ரொம்பப் பிரபலமா இருந்த ஜுசெப்பே சேசாரி 1593 வாக்குல கூரையை மட்டும் வரைஞ்சு முடிச்சார், சுவர் ரெண்டும் காலி. சர்ச் குருக்கள் புகார் மேல புகார் குடுத்தாங்க. 1600 யூபிலி ஆண்டு, ஊர் பூரா யாத்ரீகர்கள் வரப் போறாங்க, ஒரு சேப்பல் பாதியில நிக்கறது நல்லா இல்ல. கடைசியில 1599 ஜூலை 23 அன்னிக்கு கரவாஜியோ கையெழுத்துப் போட்டார், ரெண்டு பக்கச் சுவருக்கும் சேத்து 400 ஸ்கூதி (அன்னிக்கு ரோம்ல இருந்த நாணயம்). அப்ப அவருக்கு வயசு 27, பொது இடத்துல இவ்ளோ பெரிய படம் அதுக்கு முன்னாடி ஒண்ணுகூடச் செஞ்சதில்ல. இந்த வேலை கிடைக்கறதுக்குப் பின்னாடி அவருக்கு வீட்டுல இடம் குடுத்து வச்சிருந்த கர்தினால் தெல் மோந்தேவோட கை இருந்துதுன்னு பொதுவா ஏத்துக்கறாங்க, அவரோட மாளிகை அந்த சர்ச்சுக்குப் பக்கத்துலயேதான்.

அந்த ‘மத்தேயுவின் அழைப்பு’ படத்துல அப்படி என்ன விசேஷம்?

மூணு மீட்டருக்கு மேல உயரமும் அகலமும். ஒரு இருட்டு அறை, மேஜை, அதைச் சுத்தி அஞ்சு பேர், காசு எண்ணிட்டிருக்காங்க. இறகு வச்ச தொப்பி, பட்டுச் சட்டை, 1600-ல ரோம் தெருவுல சுத்தின பசங்க போட்டுக்கிட்ட அதே டிரஸ். வலது பக்க ஓரத்துல ஏசு, பாதி உடம்பு பேதுருவுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கு, கை மட்டும் நீளுது. அந்தக் கையை உத்துப் பாருங்க, வத்திக்கான் சிஸ்டைன் சேப்பல் கூரையில மிக்கேலாஞ்சலோ வரைஞ்ச ஆதாமோட தளர்ந்த கையை அப்படியே எடுத்து ஏசுவுக்குக் குடுத்திருக்கார், ஏசுதான் புது ஆதாம்ங்கற போதனை ஒரே மணிக்கட்டுக்குள்ள வந்துடுது. எக்ஸ்ரே எடுத்தப்ப பேதுரு உருவம் அப்புறமா சேத்ததுன்னு தெரிஞ்சுது.

வெளிச்சம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி. படத்துல ஒரு ஜன்னல் இருக்கு, அதுலேருந்து ஒரு பொட்டு வெளிச்சம் வரல. வெளிச்சம் வலது பக்கம் மேலேருந்து, ஏசு தலைக்கு மேல சாய்வா வருது. நேர்ல அந்த சேப்பல்ல நின்னா, வலது பக்கம்தான் பீடம், பீடத்துக்கு மேல நிஜ ஜன்னல். எதிர்ச் சுவர்ல இருக்கற ‘மத்தேயுவின் மறைசாட்சியம்’ படத்துல வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து வருது, ஏன்னா அங்கேருந்து பாத்தா அதே பீடம் இடது பக்கம். ரெண்டு படத்தையும் கழட்டி மியூசியத்துல மாட்டினா இந்த விஷயம் செத்துப்போயிடும்.

மேஜைல யார் மத்தேயுன்னு இன்னும் சண்டை போடறாங்க. தாடி வச்சவர் விரல் நீட்டி “என்னையா?”ன்னு கேக்கறார்னு பெரும்பாலானவங்க சொல்வாங்க, இல்ல அவர் பக்கத்துல தலையைக் குனிஞ்சு காசு பொறுக்கற பையனைக் காட்டறார், அவன்தான் மத்தேயுன்னு சிலர். நான் தாடிக்காரர் பக்கம், ஏன்னா மத்த ரெண்டு படத்துலயும் மத்தேயு தாடியோட வயசானவராத்தான் இருக்கார்.

பீடத்துப் படத்தை வேண்டாம்னு திருப்பி அனுப்பினாங்களாமே?

அதே சேப்பல்ல நடுவுல முதல்ல ஒரு சிலை வைக்கறதாத்தான் இருந்துது. யாக்கோபு கோபார்ட்னு ஒரு சிற்பி பண்ண சிலை பிடிக்கல, 1602 பிப்ரவரியில அந்த இடத்துக்கும் கரவாஜியோவையே கேட்டாங்க, 150 ஸ்கூதி. மத்தேயு நற்செய்தி எழுதறார், சம்மனசு (தேவதூதர்) பக்கத்துல நிக்குது. முதல் படத்துல மத்தேயு வழுக்கைத் தலை, தடிச்ச கால், ஒண்ணு மேல ஒண்ணு போட்டு உக்காந்திருக்கார், ஒரு பாதம் நம்ம பக்கம் துருத்திட்டு நிக்குது, எழுத்து கூட்டத் தெரியாதவர் மாதிரி முழிக்க, சம்மனசு அவர் கையைப் பிடிச்சு எழுத வைக்குது. புனிதருக்கு இது லட்சணமான்னு குருக்கள் வேண்டாம்னுட்டாங்கன்னு அந்தக் காலத்துலயும் பின்னாடியும் எழுதி வச்சிருக்காங்க. சில ஆய்வாளர்கள் இதை ஒத்துக்கறதில்ல, அது தற்காலிகமா வச்ச படமா இருக்கலாம்ங்கறாங்க.

அதை வின்சென்சோ ஜுஸ்தினியானின்னு ஒரு பணக்கார வங்கிக் குடும்பத்துக்காரர் வாங்கிக்கிட்டார். பின்னாடி பெர்லின் போய், 1945-ல போர் முடியற நேரத்துல அழிஞ்சுபோச்சு. இப்ப கறுப்பு வெள்ளை ஃபோட்டோ மட்டும்தான் இருக்கு. ரெண்டாவதா வரைஞ்சதுதான் சேப்பல்ல இருக்கு, அதுல மத்தேயு அங்கி போட்டு கௌரவமா எழுதறார், சம்மனசு மேலேருந்து விரல் விட்டு எண்ணிச் சொல்லுது. நல்ல படம்தான், ஆனா நான் அந்த ஃபோட்டோவைத்தான் திரும்பத் திரும்பப் பாப்பேன்.

அப்போ சர்ச் கரவாஜியோவை வெறுத்துச்சா?

இல்ல. இந்தக் கதை ரொம்ப வருஷமா ஓடுது, கலகக்கார ஓவியர் ஒரு பக்கம், பழமைவாத சர்ச் இன்னொரு பக்கம்னு. நிஜத்துல ஒரு சாமியார் வேண்டாம்னதை இன்னொரு கர்தினால் ஓடி வந்து வாங்கினார். ரெண்டு பேருமே சர்ச்தான்.

‘கன்னி மரியாளின் மரணம்’ எடுத்துக்கோங்க. லயேர்சியோ கெருபினின்னு ஒரு வக்கீல், திரஸ்தேவரே பகுதியில கார்மெல் சபையார் நடத்தின சாந்தா மரியா தெல்லா ஸ்காலா சர்ச்ல தன்னோட சேப்பலுக்கு 1601-ல ஆர்டர் குடுத்தார். கிட்டத்தட்ட 3.7 மீட்டர் உயரம். மாதா சிவப்பு கவுன்ல ஒரு பலகை மேல கிடக்காங்க, வயிறு உப்பியிருக்கு, பாதம் வெறுமனே விறைச்சு நீட்டியிருக்கு, அப்போஸ்தலர்கள் முகத்தை மூடிட்டு நிக்கறாங்க, மகதலேனா தாழ்வான நாற்காலியில குனிஞ்சு அழறா, கீழ ஒரு செப்புப் பாத்திரம். மேல சிவப்புத் திரை ஒண்ணு, அவ்ளோதான், சம்மனசு கிடையாது, வானம் திறக்கல. தாசி ஒருத்தியை மாடலா வச்சு வரைஞ்சார்னு அந்தக் காலத்துல ஒருத்தர் எழுதினார், உடம்பு வீங்கி கால் தெரியுதுன்னு இன்னொருத்தர் எழுதினார். சபையார் கோணத்துல பாத்தா இன்னொண்ணும் இருக்கு: மாதா ஆன்மாவோடும் உடலோடும் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டாங்கன்னு நம்பற ஜனங்க முன்னாடி, உயிர் போய்க் கொஞ்ச நேரமான ஒரு ஏழைப் பெண்ணோட சடலத்தை வைக்கணும். அவங்க தயங்கினது எனக்குப் புரியுது. அதுக்கு பதிலா கார்லோ சரசேனி வரைஞ்சு குடுத்த படத்துல மாதா நிமிர்ந்து உக்காந்திருக்காங்க, அதுலயும் முதல் தடவை சம்மனசுகள் இல்லைன்னு திருப்பிக் குடுத்து, ரெண்டாவது தடவை சம்மனசுக் கூட்டத்தோட வரைய வச்சுதான் ஏத்துக்கிட்டாங்க.

1607-ல அப்ப இளைஞரா இருந்த ஓவியர் ரூபன்ஸ் சொல்லித்தான் மாந்துவா டியூக் கரவாஜியோ படத்தை 280 ஸ்கூதிக்கு வாங்கினார். ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி ரோம் ஓவியர்கள் எங்களுக்கும் காட்டுங்கன்னு கேக்க, ஒரு வாரம் எல்லாரும் வந்து பாக்க வச்சாங்க. அப்புறம் இங்கிலாந்து ராஜா சார்லஸ், பிரெஞ்சு ராஜா லூயின்னு கை மாறி இப்ப லூவ்ர்ல இருக்கு.

போப்போட குதிரைப் பணியாளர் சங்கத்துக்காக வத்திக்கான் செயின்ட் பீட்டர்ஸ் பேராலயத்துக்கே வரைஞ்ச மாதா படமும் 1606-ல கொஞ்ச நாள்லயே இறங்கிடுச்சு. மாதா பாம்புத் தலையை மிதிக்க, அவங்க பாதத்து மேல குழந்தை ஏசு தன்னோட பாதத்தை வச்சு அழுத்தறார், பக்கத்துல மாதாவோட அம்மா அன்னம்மாள் பாத்துட்டு நிக்கறாங்க. பாம்பை மிதிச்சது மாதாவா மகனாங்கறது அன்னிக்கு கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தக்காரங்களுக்கும் நடந்த பெரிய வாக்குவாதம், அதுக்கு ரெண்டு பாதத்தை அடுக்கி பதில் சொல்லிட்டார். போதனை சுத்தம். ஆனா குழந்தை பெரிய பையனா முழு நிர்வாணம், மாதாவோட கழுத்து தாழ்ந்த ரவிக்கை. சங்கம் 75 ஸ்கூதி குடுத்த படத்தை போப்போட சகோதரி மகன் கர்தினால் ஷிபியோனே போர்கேசே 100-க்கு வாங்கித் தன் வீட்டுல மாட்டிக்கிட்டார்.

இன்னொரு பக்கம், சாந்த் அகொஸ்தீனோ சர்ச்ல இருக்கற ‘லொரேத்தோ மாதா’. வாசப்படில நிக்கற மாதாவுக்கு முன்னாடி வயசான ரெண்டு யாத்ரீகர் மண்டி போட்டிருக்காங்க, அதுல ஆம்பளையோட அழுக்குப் பாதம் ரெண்டும் பூசை வைக்கற சாமியார் கண்ணுக்கு நேரா வரும். ஜனங்க இதைப் பாத்து பெரிய கூச்சல் போட்டாங்கன்னு கரவாஜியோவைப் பிடிக்காத பாலியோனேங்கற ஓவியர் எழுதி வச்சிருக்கார். அதை யாரும் எடுக்கல, நானூறு வருஷமா அங்கயேதான் இருக்கு.

ஒரே சேப்பல்ல ரெண்டு போட்டி ஓவியர்கள் வரைஞ்சாங்கன்னு சொல்றாங்களே?

சாந்தா மரியா தெல் போபொலோ சர்ச்ல செராசி சேப்பல். திபேரியோ செராசி போப்பரசுக்குக் கருவூலத் தலைவர், 1600-ல சேப்பல் வாங்கி, பீடத்துக்கு அன்னிபாலே கர்ராச்சி, ரெண்டு பக்கத்துக்கும் கரவாஜியோன்னு அன்னிக்கு ரோம்ல பேசப்பட்ட ரெண்டு பேரையும் பிடிச்சுப் போட்டார். கர்ராச்சியோட மாதா விண்ணேற்பு நல்ல வெளிச்சமான நீலம், சிவப்பு. இந்தப் பக்கம் பேதுருவைச் சிலுவையில தலைகீழா ஏத்தறாங்க, அந்தப் பக்கம் பவுல் குதிரையிலேருந்து விழுந்து கிடக்கார், படத்துல பாதி குதிரையோட உடம்பு. முதல்ல ஒத்துக்கிட்ட படி சைப்ரஸ் பலகையில வரைஞ்சதை விட்டுட்டு கேன்வாஸ்ல மறுபடி வரைஞ்சார், 400-னு பேசினது கடைசியில 300 ஸ்கூதியாச்சு, ஆர்டர் குடுத்த செராசி 1601 மே மாசமே இறந்துட்டார்.

சேப்பல் ரொம்ப ஒடுக்கம். அதனால பக்கச் சுவர்ப் படங்களை யாரும் நேரா நின்னு பாக்க முடியாது, வாசல்லேருந்து சாய்வாத்தான் பாக்கணும்னு கணக்குப் பண்ணியே வரைஞ்சிருக்கார், புத்தகத்துல நேரா அச்சடிச்ச படத்துல கோணலா தெரியற உடம்பெல்லாம் அங்க நின்னா சரியா விழும்.

ஒரு படத்துக்கு எவ்ளோன்னு எப்படி முடிவு பண்ணாங்க?

ஆளுக்கு ஆள் வேற வேற. குவெர்சினோன்னு ஒரு ஓவியர் உருவத்துக்கு ரேட் வச்சிருந்தார், தலைலேருந்து கால் வரை முழு உருவம்னா 100 துக்கத்தோனி, அரை உருவம்னா பாதி, வெறும் தலைன்னா கால்வாசி. அவர் வீட்டுக் கணக்குப் புத்தகம் இன்னும் இருக்கு, 1629-லேருந்து யார் எவ்ளோ குடுத்தாங்கன்னு அதுல பாக்கலாம். ஸ்பெயின்ல நிலைமை கஷ்டம். 1626-ல சுர்பரான், செவில் டொமினிக்கன் மடத்துக்கு எட்டு மாசத்துல 21 படம், மொத்தம் 4,000 ரியால்னு கையெழுத்துப் போட்டார், பிடிக்காத படத்தைத் திருப்பி அனுப்பற உரிமையும் மடத்துக்கு. ஒப்பந்தத்துல பெரும்பாலும் அளவு, தேதி, யார் யாரை வரையணும்ங்கறது, முன்பணம் எல்லாம் வந்துடும்.

பெண் ஓவியர்களுக்கு சர்ச் வேலை கிடைச்சுதா?

கிடைச்சுது, குறைவா. பொலோஞா ஊர் லவீனியா ஃபொந்தானா ரோம் வந்து புனித பவுல் பேராலயத்துக்கு ஸ்தேவான் கல்லெறியப்படற பெரிய படம் வரைஞ்சாங்க, 1823 தீ விபத்துல போயிடுச்சு. அர்தெமீசியா ஜென்திலெஸ்கி 1630-கள்ல நேபிள்ஸ் பக்கத்துல பொட்சுவோலி பேராலயத்துக்கு மூணு பீடப் படம் செஞ்சாங்க. அவங்களைப் பத்திப் பேசறவங்க எப்பவும் யூதித்து எதிரித் தளபதி தலையை வெட்டற படத்தை மட்டும் பேசறாங்க, ஒரு பிஷப் தன் பேராலயத்துக்கு நம்பிக் கூப்பிட்ட ஓவியர்ங்கறதும் அதே அளவு முக்கியம்.

சீலிங்ல வானம் திறக்கற மாதிரி படமெல்லாம் யார் யோசனை?

அது கரவாஜியோவுக்கு அப்புறம் ரெண்டு தலைமுறை தள்ளி, ஏசு சபையார்தான் (ஜெசூயிட் துறவிகள்) இதுல உச்சம் தொட்டாங்க. அவங்க தலைமைச் சர்ச் ஜெசுவைக் கட்ட காசு குடுத்தது கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசே, 1584-ல அபிஷேகம் பண்ணாங்க, ஆனா நடுக்கூரை ரொம்ப வருஷம் வெறுமனேதான் இருந்துது. 1676-லேருந்து 79 வரைக்கும் கௌல்லி, பச்சிச்சான்னு கூப்பிடுவாங்க, சிற்பி பெர்னினி சிபாரிசுல வந்து ஏசுவின் நாமத்தோட வெற்றியை வரைஞ்சார். உருவங்கள் சட்டத்துக்குள்ள நிக்காம வெளிய வழிஞ்சு தங்கக் கூரை மேல நிழல் விழுது, அந்த நிழலும் பெயின்ட்தான்.

சாந்த் இஞ்ஞாசியோ சர்ச்ல குவிமாடம் கட்டவே இல்ல. சபையிலயே சகோதரரா இருந்த அந்த்ரேயா பொட்சோ 1685-ல ஒரு பெரிய கேன்வாஸ்ல குவிமாடம் வரைஞ்சு மேல ஏத்திட்டார். 1694-ல முடிச்ச நடுக்கூரையில கடவுள்கிட்டேருந்து ஒரு ஒளி கிறிஸ்துவுக்கு வந்து, அங்கேருந்து சபையைத் தொடங்கின இஞ்ஞாசியாருக்கு வந்து, நாலு கண்டத்துக்கும் பிரியுது, ஆசியா ஒட்டகத்து மேல உக்காந்திருக்கு. தரையில ஒரு வட்டக் கல் பதிச்சிருக்காங்க, அதுல நின்னா தூணெல்லாம் நேரா மேல போகும், பத்தடி நகர்ந்தா அத்தனையும் சாய்ஞ்சுடும்.

இதுல நம்ம ஊர் சம்பந்தம் ஏதாவது இருக்கா?

இருக்கு, ஏசு சபை குரு சவேரியார் வழியா. 1542-லேருந்து தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடுன்னு முத்துக்குளித்துறையில பரதவர்கள் நடுவுல இருந்தவர், ஞானஸ்நானம் குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சுபோச்சுன்னு அங்கேருந்து எழுதின கடிதமெல்லாம் ஐரோப்பால பரவுச்சு. 1617-18 வாக்குல ஆண்ட்வெர்ப் ஏசு சபை சர்ச் பீடத்துக்கு ரூபன்ஸ் ‘சவேரியாரின் அற்புதங்கள்’ வரைஞ்சார், அஞ்சு மீட்டருக்கு மேல உயரம். கறுப்பு அங்கியில சவேரியார் மேல நிக்கறார், செத்தவங்க எழுந்திரிக்கறாங்க, குருடர் கை நீட்டறாங்க, பின்னாடி கோயில்ல சிலை உடைஞ்சு விழுது. அவருக்குப் புனிதர் பட்டம் கிடைச்சது 1622-லதான். அதுக்கு முன்னாடியே அவரோட அற்புதங்களைப் பீடத்துல ஏத்திட்டாங்கன்னா, சபை அந்தப் பட்டத்துக்காக எவ்ளோ மும்முரமா வேலை பாத்துதுன்னு தெரியுது. கிழக்குல நடந்த கதையை, கிழக்கையே பாக்காத ஒருத்தர், தலைப்பாகையும் ரோமாபுரித் தூணுமா கற்பனை பண்ணி வரைஞ்சது. நம்ம கடற்கரை ஜனங்க அந்தப் படத்துல தங்களை அடையாளம் கண்டுபிடிக்கறது கஷ்டம், அந்த வருத்தம் எனக்கு உண்டு. இப்ப அது வியன்னா மியூசியத்துல இருக்கு.

காசு வாங்கிட்டு வரைஞ்ச பிரசாரம்தானே இதெல்லாம், இதுல பக்தி எங்க?

பிரசாரம்னு சொல்றதுல தப்பில்ல, ஜனங்களை நம்ப வைக்கத்தான் காசு குடுத்தாங்க. ஆனா அதோட நிறுத்திக்கிட்டா நேபிள்ஸ்ல இருக்கற ‘இரக்கத்தின் ஏழு செயல்கள்’ பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. 1602-ல ஏழு இளைஞர்கள், எல்லாரும் பெரிய வீட்டுப் பசங்க, சேந்து ஒரு சபை தொடங்கினாங்க, தீரா நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கவனிக்கறதுதான் அவங்க ஆரம்ப வேலை. 1606 மே மாசம் ரோம்ல ஒருத்தரைக் கொன்னுட்டு கரவாஜியோ தப்பிச்சு நேபிள்ஸ் வந்தார், தலைக்கு மரண தண்டனை. அவர்கிட்ட இவங்க தங்களோட சர்ச் பெரிய பீடத்துக்குப் படம் கேட்டாங்க, 400 துக்காத், 1607 ஜனவரியில கணக்கு முடிஞ்சுது.

பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணி, துணி, தங்க இடம், நோயாளியைப் பாக்கறது, கைதியைப் பாக்கறது, செத்தவரை அடக்கம் பண்றது, ஏழு செயலும் ஒரே ராத்திரி, ஒரே நேபிள்ஸ் சந்துல நடக்குது. ஜெயில் கம்பிக்கு வெளிய நின்னு ஒரு பொண்ணு பசியில சாகக் கிடக்கற தன்னோட கிழட்டு அப்பாவுக்குப் பால் குடுக்கறா, யாராவது பாத்துடுவாங்களோன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டு, அவர் தாடியில ஒரு சொட்டுப் பால் நிக்குது. அதுக்குப் பின்னாடி மூலையில ஒரு பிணத்தைத் தூக்கிட்டுப் போறாங்க, ரெண்டு பாதம் மட்டும் தெரியுது, தீப்பந்தம் பிடிச்ச குரு ஜெபம் சொல்றார். இந்த வேலைகளைத் தினம் செஞ்சவங்க, தங்க முன்னாடி வைக்கறதுக்குக் கேட்ட படம். 1613-ல எந்த விலைக்கும் இதை விக்கறதில்லன்னு சபை தீர்மானம் போட்டுது, இன்னிவரைக்கும் விக்கல, பியோ மோந்தே தெல்லா மிசெரிகோர்தியா சர்ச்ல அதே பீடத்துல இருக்கு. அந்தச் சபையும் இன்னும் இயங்குது.

ரோம் போனா எதை முதல்ல பாக்கறது, டிக்கெட் உண்டா?

சான் லூயிஜி, சாந்த் அகொஸ்தீனோ, சாந்தா மரியா தெல் போபொலோ, இந்த மூணுக்கும் டிக்கெட் கிடையாது. முதல் ரெண்டும் நவோனா சதுக்கத்துப் பக்கத்துல, ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு சில நிமிஷ நடை. போபொலோ சர்ச் வடக்கே தள்ளி இருக்கு. சான் லூயிஜியில சேப்பல் இருட்டாத்தான் இருக்கும், பெட்டியில காசு போட்டா கொஞ்ச நேரம் லைட் எரியும், சில்லறை எடுத்துட்டுப் போங்க. ஆனா லைட் அணைஞ்ச உடனே நகராதீங்க, கண்ணு பழகின பின்னாடி ஜன்னல் வெளிச்சத்துல ஒரு தடவை பாருங்க, கரவாஜியோ கணக்குப் பண்ணது அந்த வெளிச்சத்தைத்தான். மத்தியானம் பல சர்ச் மூடிடுவாங்க, அதனால காலையிலேயே கிளம்புங்க, பூசை நடக்கற நேரத்துல சேப்பல் பக்கம் சுத்தாம பின்னாடி பெஞ்சுல உக்காந்து காத்திருங்க. போர்கேசே காலரிக்கு மட்டும் முன்னாடியே நேரம் புக் பண்ணணும், செயின்ட் பீட்டர்ஸ்லேருந்து இறக்கின அந்தப் பாம்பு மாதா படம் அங்கதான்.